சனிக்கிழமை வைத்தியம்

“காது கேக்காத ஆளுக்கு மணியடிச்சு வைத்தியமாமே, மோகன்?”

வெள்ளிக்கிழமை கந்தோரில், கூட வேலை செய்யும் அஸ்ஃபர் இப்படிக் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். மோகனராஜுக்கு மானமே போனது போலிருந்தது.

அவன் அப்பா அழகமுத்து, ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரி இரைச்சலுக்குள்ளேயே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்றபோது காது இரண்டும் சுத்தமாகப் போயிருந்தது. கருவி வைத்தாலும் பயனில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அதிலிருந்து மனிதர் யாரோடும் வாய் திறப்பதில்லை.

அம்மா பாலாம்பிகைதான் விடவில்லை. சனிக்கிழமை வந்தால் அவரை பஸ் ஏற்றி அம்பிட்டியவுக்குக் கூட்டிப் போய்விடுவாள். அங்கே கஜலட்சுமி என்ற நடுவயதுக்காரி, வெண்கலக் கிண்ணத்தை உடம்பின் மேல் வைத்துத் தட்டுவாள். அந்த அதிர்வில் உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மோகனராஜ் வெடித்தான். ஊரே சிரிக்கிறது, எவளோ உன்னை நன்றாக ஏமாற்றுகிறாள், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினான். அப்பா பக்கத்திலேயேதான் டீவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காது என்பது வசதியாகப் போயிற்று.

அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“நீ என்ன சொன்னாலும் நாளைக்கு நாங்க போவோம்பா.”

சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவர்கள் கிளம்பிய பின், அடுத்த பஸ்ஸில் மோகனராஜும் ஏறினான். இன்றோடு இந்தக் கூத்துக்கு முடிவு கட்டாமல் திரும்புவதில்லை என்று இருந்தான்.

கஜலட்சுமி விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கிண்ணம் அலுமாரிக்குள் கிடந்தது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதுதான் நீ பார்க்கிற வைத்தியமா என்று பாய்ந்தான்.

அவள் கோபப்படவில்லை. “கிண்ணம் வைக்கிறத எப்பவோ நிறுத்திட்டேன் தம்பி. காதுக்கு இதால ஒண்ணும் ஆகாதுன்னு அம்மாகிட்ட சொல்லியாச்சு.”

“அப்ப எதுக்கு இங்க வர்றாங்க?”

“கிண்ணத்தோட அதிர்வு அப்பாவுக்கு முதுகுல தெரிஞ்சிச்சு. அப்ப தன்னோட குரலும் தெரியுமான்னு அம்மா கேட்டாங்க. வீட்டுல மருமக, பேரப்புள்ளைங்க முன்னுக்கு அவங்களுக்குக் கூச்சமாம். அதான் இந்த ரூமைக் குடுத்தேன்.”

மோகனராஜ் கதவிடுக்கில் பார்த்தான்.

அப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் அம்மா, அவர் முதுகில் வாயை வைத்துக் கொழுந்து பறிக்கும்போது பாடுகிற பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கை தொடையில் தாளம் போட்டது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

திடீரென்று தாளம் நின்றது.

“குரல் கம்மியிருக்கே புள்ள. அழுதியா?”

அப்பா திரும்பினார். அம்மா அவசரமாக இல்லையென்று தலையாட்டினாள். ஆனால் வீங்கிய கண்ணை என்ன செய்வாள்?

“நான் ஒருத்தன் வீட்டுல இருக்கயில, உன்ன அழ வச்சது யாரு?”