முந்திக்கொண்ட லாரி

வாரக்கணக்கில் தண்ணீர் வராத தெருவைப் பற்றியதுதான் அமைச்சரின் மகள் எழிலிக்குத் தொலைக்காட்சி நிருபராக முதல் செய்தி. அப்பா பெயரால் வேலைக்கு வந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று இரவெல்லாம் கேள்விகளை ஒத்திகை பார்த்திருந்தாள். போய் இறங்கினால், தெருவில் தண்ணீர் லாரி நின்றது. குடங்கள் நிறைந்துகொண்டிருந்தன.

"தலைவர் மகள் வர்ற தெருவுல தண்ணி இல்லாம இருக்குமா, பாப்பா?" என்று அப்பாவின் கட்சி வட்டச் செயலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

செய்தி கைநழுவிப் போனதில் அவளுக்கு அழுகை முட்டியது.

குடத்தை இடுப்பில் ஏற்றிய பெண் ஒருத்தி, "அப்படியே பக்கத்துத் தெருவுக்கும் ஒரு நடை போயிட்டு வாம்மா, அவங்களும் குளிக்கட்டும்" என்றாள்.

எழிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கை வட்டச் செயலாளரிடம் நீட்டினாள்.

"அண்ணே, நான் வரலைன்னா இந்த லாரி வந்திருக்குமா?"

வரிசையில் நின்றவர்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டு, அவளருகில் வந்து நின்றார்கள்.