பைண்டிங் கோளாறு

ஐந்தருவி லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் வேலை பார்க்கும் நஸீபாவைப் பார்க்கப் போன ராபியா, கம்ப்யூட்டர் திரையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். நேற்று நாலாம் நம்பர் அறையில் தங்கியவர்: யாசர்.

அவள் புருஷன். நேற்று திருவேங்கடத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவன்.

போனில் கூப்பிட்டதும் ஓடிவந்தான். லாட்ஜுக்கு அந்த சாப்ட்வேரை எழுதிக் கொடுத்தவனும் அவன்தான்.

"ஏட்டி, இது பைண்டிங் கோளாறு! வளைவு அடைப்புக்குள்ள பைண்டிங்னு எழுதி, எந்தத் தகவல் தெரியணுமோ அதைச் சொல்லணும். நாலாம் நம்பருக்கு மட்டும், தங்குதவர் பேருக்குப் பதிலா சாப்ட்வேர் செஞ்சவன் பேரைச் சொல்லிட்டேன்."

"புரியல மச்சான்."

"கீழ செஞ்சவன் பேரு பெட்டி, மேல நாலாம் நம்பர் பெட்டி, ரெண்டும் ஒரே பேரோட கட்டிக் கிடக்கு. அங்கன மாத்துனா இங்கனயும் தானா மாறும்."

"அப்படியா?"

ராபியா, செய்தவர் பெயர் இருந்த பெட்டியில் யாசரை அழித்துவிட்டு, 'சுடலைக்கண்ணு' என்று அடித்து டேப்பைத் தட்டினாள்.

நாலாம் நம்பர் பெட்டியில் 'யாசர்' என்ற பெயர் மாறாமல் அப்படியே இருந்தது.

"எவ அவ?"

யாசருக்குச் சாரலிலும் வியர்த்தது. "எவளும் இல்லட்டி. உம்மாவும் பர்சானாவும் குளிக்கணும்னாங்க. துணி மாத்த ரூம் போட்டேன்..."

ராபியா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சீசன் தொடங்குனதுலருந்து அருவிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சுதேன். எவளோ ஒருத்தின்னாகூட மனசைத் தேத்திக்கிடுவேன். உங்க தங்கச்சி பர்சானாவையா கூட்டிட்டு வந்தீங்க!"