எழுத ஆள் வேண்டாம்

தேர்வு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. பார்வையற்ற நிலோபரின் பிரெய்ல் கருவியைக் கணினி ஏற்க மறுத்தது. திரையின் எழுத்துகளை விரலுக்குப் புள்ளிகளாக்கித் தரும் அந்தக் கருவி இல்லாமல் அவளால் கேள்விகளைப் படிக்க முடியாது. யுஎஸ்பி வயரை நான்கு முறை பிடுங்கிச் செருகிப் பார்த்த கண்காணிப்பாளர் கைவிட்டார்.

“கருவி போச்சும்மா. எழுத ஆள் தர்றேன், நீ பதில மட்டும் சொல்லு.”

“கருவி நல்லாத்தான் இருக்கு சார். கம்ப்யூட்டர் போடுற மணிச் சத்தத்தக் கேளுங்க. சேருது, உடனே விட்டுடுது. முன்பக்க போர்ட்ல கரண்ட் பத்தல.”

அவர் வாய் திறப்பதற்குள் அவள் மேசைக்கடியில் புகுந்துவிட்டாள். தூசி மண்டிய கணினியின் முதுகைத் தடவி, தனக்குத் தேவைப்படாத மவுஸின் வயரை உருவிவிட்டு, அந்த இடத்தில் தன்னுடையதைச் செருகினாள். மேலே கணினியின் மணியோசை ஒருமுறை கேட்டது. பிறகு இணைப்பு அறுபடவில்லை.

முழங்கால் தூசியோடு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். விரல்களுக்கடியில் புள்ளிகள் மளமளவென்று எழுந்து அவள் பெயரைச் சொல்லின.

கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். “பக்கத்து ரூம்லயும் ஒண்ணு இப்படித்தான் மக்கர் பண்ணுது. கொஞ்சம் பாக்குறீங்களா?”

“பரீட்சைய முடிச்சுட்டு வர்றேன் சார்” என்றாள் நிலோபர், முதல் கேள்வியிலிருந்து விரலை எடுக்காமல்.