பொட்டல நூல்

சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த சுவாமிதாஸின் வீட்டுக் கடல்மீன் தொட்டிக்கு, புதிதாக வாங்கிய பாறையின் பொந்தில் ஒளிந்து ஒரு நண்டு வந்து சேர்ந்தது. அதற்கு இடது கொடுக்கு இல்லை. இரண்டு மீன்களைத் தின்றுவிட்டது. கொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இறால் துண்டு போட்ட கண்ணாடித் தம்ளரைத் தொட்டிக்குள் வைத்து அதைப் பிடித்தார். ஞாயிறன்று தொட்டிக்குத் தண்ணீர் எடுக்க விழிஞ்ஞம் போனபோது கடலில் விட்டார்.

திங்கட்கிழமை, தொட்டியிலேயே விட்டிருந்த தம்ளரில் ஒரு நண்டு கிடந்தது. அதற்கும் இடது கொடுக்கு இல்லை.

"தண்ணி எடுக்குற எடத்துலயே விட்டா கேனுக்குள்ள கேறி வராதா? சங்குமுகத்துல கொண்டு விடுங்க," என்றாள் மனைவி தாசம்மாள்.

அடையாளத்துக்கு, பொட்டலம் கட்டும் சிவப்பு நூலை அதன் காலில் கட்டினார். கடையில் இருபது வருஷமாக அவர் போடுகிற இரட்டை முடிச்சு. சங்குமுகம் கடற்கரையில் விட்டார். தண்ணீர் எடுக்கவில்லை.

மறுநாள் தம்ளருக்குள் நண்டு இருந்தது, நூலோடு. அன்றே பஸ் ஏறி, கொல்லத்துக் கடலில் விட்டுவிட்டு வந்தார்.

புதன்கிழமை தம்ளர் காலி. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, பள்ளிக்கு நேரமாகிறதென்று மகள் ஷாலுவின் போர்வையை விலக்கினார். அவளுடைய இடது கணுக்காலில் சிவப்பு நூல் ஈரமாக இருந்தது.

முடிச்சு அவருடையதுதான்.