யார் அடிச்சது?

ஒரே வீட்டிலிருந்து வந்த மூன்று பேருக்கும் வலது கை வீங்கியிருந்ததைப் பார்த்ததுமே எலும்பு டாக்டருக்குப் பொறி தட்டியது. கணவனையும் அவன் அம்மாவையும் வெளியே உட்கார வைத்துவிட்டு, மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாம சொல்லும்மா. யார் அடிச்சது?"

"மாமியார்தான் டாக்டர். வேணும்னே மோதிரத்தைக் கழட்ட மாட்டாங்க."

"தினமுமா?"

"சாப்பாடு முடிஞ்சதும்."

"புருஷன் தடுக்க மாட்டாரா?"

"அவரும் சேர்ந்துதான் அடிப்பார்."

டாக்டருக்கு ரத்தம் கொதித்தது. மாமியாரை உள்ளே கூப்பிட்டார்.

"உங்க கைக்கு என்ன?"

"என் புள்ள அடிச்சான். பெத்தவள்னுகூடப் பார்க்கல."

"நான் போலீசைக் கூப்பிடப்போறேன்."

"அவங்களுக்கும் ஆடத் தெரியுமா?" என்றபடி மாமியார் கைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள். "ஒரே மாதிரி ரெண்டு சீட்டு விழுந்ததும் யார் முதல்ல மேல கை வைக்கிறாங்களோ, மொத்தச் சீட்டும் அவங்களுக்கு. மத்தவங்க அடியெல்லாம் அந்தக் கை மேல விழும். யோசிச்சா போச்சு."

"இவ்வளவுதானா? இதுக்குப் போய் கையை உடைச்சுப்பாங்களா?" என்று சிரித்த டாக்டர், "எங்க, ஒரு ஆட்டம் போடுங்க" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வேறொரு எலும்பு டாக்டரின் முன்னால் வலது கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"யார் சார் அடிச்சது?"

"என் பேஷன்ட்டோட மாமியார்," என்றவர் முனகலுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா சீட்டு எனக்குத்தான்."