நஞ்சு

தனக்கோடி செங்கல்பட்டு பஸ்ஸில் முன்வாசல் வழியாக ஏறினாள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவள் புருஷன் நீலமேகம் பின்வாசலில் ஏறினான்.

கருவாடு விற்கப் போவதாகத்தான் அவனிடம் சொல்லியிருந்தாள். கையில் கூடை இல்லை.

கல்யாணமாகி எட்டு வருஷம் வயிறு திறக்கவில்லை. மாதாமாதம் தூரம் வந்தால் வலியில் சுருண்டு கிடப்பாள். இப்போது திடீரென்று ஏழு மாசம்.

புதுப்பட்டினமே பூரித்தது. அவனுக்கு மட்டும் நெஞ்சில் முள். பக்கத்திலேயே கல்பாக்கம். அணுமின் நிலையம் கட்ட வந்த வெளியூர் ஆம்பளைகள் எத்தனை பேர்!

அதைவிட உறுத்தியது வேறொன்று. கடப்பாக்கத்திலிருந்து தங்கை வச்சலாவை வரவழைத்து வைத்திருந்தாள். மீன்குழம்பு அவனுக்கு எந்த உறைப்பில் இருக்கவேண்டும், குடித்துவிட்டு வந்தால் எப்படிப் பேசவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கூறைப்புடவையைக்கூட அவளுக்கே கொடுத்துவிட்டாள்.

வீட்டைவிட்டுப் போகிறவள்தான் இப்படிச் செய்வாள். யாரோடு என்பதுதான் தெரியவேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, பிரசவ வார்டுப் பக்கம் போனாள். அவன் தூணோரம் நின்று பார்த்தான். எந்த ஆம்பளையும் வரவில்லை.

“ஆம்பளைங்க இங்க நிக்கக்கூடாது” என்று நர்ஸ் மார்கரெட் மறித்தாள்.

தனக்கோடியின் புருஷன் என்றான்.

“இப்பத்தான் வர்றியா? கர்ப்பப்பைக்கு வெளியே சதை வளர்ற நோவு அவளுக்கு. மாத்திரை குடுத்துத்தான் புள்ளையே தங்கிச்சு. இப்ப நஞ்சுக்கொடி கீழ எறங்கி வழிய மூடிக்கினு கீது. ரத்தம் கொட்டினா உசுரு தங்காது, வந்து படுத்துக்கோன்னு டாக்டரம்மா தலபாடா அடிச்சுக்கிறாங்க. வூட்டு வேல இன்னும் முடியலன்றா. எல்லாம் உனக்குத் தெரியும்னாளே?”

நீலமேகம் தலையிலிருந்த துண்டை எடுத்தான். அவள் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது உண்மைதான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தனக்கோடி அவனைப் பார்த்துவிட்டாள்.

“இன்னா மச்சான், கடலுக்குப் போவல?”

“நீ பெத்துப் பொழச்சு வூட்டுக்கு வர்ற வரைக்கும் போவல” என்று பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள்.

“இத்தினி நாளு இல்ல மச்சான். இப்பத்தான் பயமா கீது.”