பூரணி இருந்த இடங்கள்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம், ஒரு மாடி டி.டி.பி. கடையில் ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்?

"பூரணிங்கிற பேரு ஒரு இடத்துல கூட இருக்கக் கூடாதும்மா. எல்லாத்தையும் மைதிலின்னு மாத்திடுங்க."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஷெர்லின் திரும்பிப் பார்த்தாள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். போன வருடம் காலமான அவர் கணவர் அழகிரி, ரிட்டையர் ஆன பிறகு தானே டைப் செய்து வைத்த நாவல் பென் டிரைவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் வருட நினைவு நாள். அன்றைக்குப் புத்தகம் கைக்கு வர வேண்டுமென்றால் நாலு மணிக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

"ஹீரோயின் பேரையேவா மாத்தணும்? ஐயா இருந்தா ஒத்துக்குவாராம்மா?"

"ஆஸ்பத்திரியில அவரு கடைசியா கூப்பிட்ட பேரு மைதிலிதான்."

"அப்படின்னா நியாயம்தான்," என்று சிரித்தாள் ஷெர்லின். "வீட்டுல ஒருத்தர் இருக்க, வேற ஒருத்தியை ஹீரோயின் ஆக்கினா இப்படித்தான். அந்தப் பூரணி மேல ரொம்பக் கோவமோ?"

"கோவமெல்லாம் இல்லம்மா. அவளை நினைச்சா பாவமாத்தான் இருக்கு."

ஷெர்லின் பட்டனைத் தட்டினாள். இருநூற்றுப் பதினோரு இடங்கள் ஒரே நொடியில் மாறின. பக்கங்களை ஓட்டிப் பார்த்தவள், தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ! 'அன்னமைதிலி மெஸ்ல ரெண்டு பேரும் தோசை சாப்பிட்டாங்க'ன்னு ஆயிடுச்சு. அன்னபூரணி மெஸ் பேரையும் சேர்த்துத் தூக்கிட்டேன்!"

அந்த அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஷெர்லின் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாள்.

"இதுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டாத்தான் சரிவரும்மா. போலீஸ்ல அங்க அடையாளம் எழுதிக் கொடுக்கிற மாதிரி. பேரை அப்படியே தேடாம, அது எப்படியெல்லாம் வரும், எங்க வந்தா விட்டுடணும்னு அடையாளம் சொல்றது. முன்னால வேற எழுத்து ஒட்டியிருந்தா தொடாதேன்னு எழுதிட்டேன். மெஸ் தப்பிச்சுது."

இரண்டாவது தடவை இருநூற்று நாலு இடங்கள் மாறின. அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையில் விரல் வைத்தார்.

"இங்க ஒண்ணு இருக்கே."

அம்மா மண்டபம் படித்துறை. ஸ்ரீரங்கத்துக் கூட்டத்துக்கு நடுவே, ஈரப் புடவையோடு படியேறிப் போகிறவளை நாவலின் நாயகன் 'பூரணீ!' என்று கூப்பிடுகிறான்.

"ஆமாம்மா. கூப்பிடறப்ப நீட்டிச் சொல்றாருல்ல, அதான் மாட்டலை. குறில், நெடில் எது வந்தாலும் பிடி, அங்க எப்படி நீட்டியிருக்கோ அப்படியே மைதிலியையும் நீட்டுன்னு சொல்லிடறேன்." ஷெர்லின் அடையாளத்தைத் திருத்தித் தேடிப் பார்த்தாள். "பதினேழு இடம். பதினேழு தடவை கூப்பிட்டிருக்காரு. மாத்தட்டுமா?"

அந்த அம்மாள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒவ்வொண்ணா காட்டறீங்களா?"

ஷெர்லின் காட்டினாள். ஒன்றாம் நம்பர் பஸ் நகரும்போது ஜன்னலோரம் ஓடிக்கொண்டே ஒரு தடவை. கொள்ளிடம் பாலத்தில், காற்றுச் சத்தத்தில் ஒரு தடவை. ஜுரத்தில் ஒரு தடவை. யாருமில்லாத அறையில், சும்மா சொல்லிப் பார்ப்பதற்காக ஒரு தடவை. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாளின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. பதினேழாவது வந்தபோது கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.

ஷெர்லினுக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை.

"மணி நாலாகப் போகுதும்மா. மனசு வரலைன்னா இதுல ஒண்ணு ரெண்டை விட்டுடலாம். யாரு கவனிக்கப் போறாங்க?"

"ஒண்ணே ஒண்ணு..." என்று ஆரம்பித்த அந்த அம்மாள் நிறுத்திக்கொண்டார். "வேண்டாம்மா. அவரு கூப்பிட்டது அவளை இல்ல. மாத்திடுங்க."

பதினேழும் மாறின. ஷெர்லின் கடைசியாக ஒரு முறை தேடினாள். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது.

"முடிஞ்சுது. இனிமே அந்தப் பொம்பளைக்கு இந்தப் புத்தகத்துல இடமே இல்ல," என்றாள் வெற்றியோடு. "முதல் பக்கத்துக்குப் பின்னால பதிப்புரிமைன்னு ஒரு வரி வரும்மா. உங்க பேரைத்தானே போடணும்? மைதிலி அழகிரின்னு அடிச்சிடட்டுமா?"

அந்த அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என் பேரு பூரணிம்மா. நான் படிச்சா மனசு ஒடிஞ்சிடுவேன்னு, அவரு மனசுல இருந்த மைதிலிக்கு என் பேரை வச்சிருந்தாரு. முப்பத்தாறு வருஷத்துல என்னை அவரு அப்படி ஒரு தடவை கூட கூப்பிட்டதில்ல."

இவ்வளவு நேரம் கேட்டீர்களே, கண்ணுகளா, உங்கள் வீட்டில் ஆசையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரலும், 'இதோ வந்துட்டேன்' என்கிற குரலும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.